இரண்டாவது கட்டிலின் கட்டணம்

மகன்,

உனக்கும் மருமகளுக்கும் பேத்திக்கும் என் ஸலாம். போன வெள்ளிக்கிழமை நீ சொன்னதற்கு நான் பதில் சொல்லாமல் இருந்ததும் லைன் அறுந்துவிட்டது என்று நினைத்திருப்பாய். லைன் அறவில்லை. நான்தான் வைத்தேன். "மறுபடியும் கப்பலுக்குப் போறதெண்டா போங்க உம்மா, நான் வேணாமெண்டு சொல்லல்ல. ஆனா தனியப் போகாதீங்க. ஆரையாச்சும் கூட்டிட்டுப் போங்க. ரெண்டு பேர்ட காசையும் நான் அனுப்புறன்" என்றாய். நல்ல மனதோடுதான் சொன்னாய். ஆனால் அந்த 'ரெண்டு பேர்ட காசு' என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு வாய் அடைத்துப்போய்விட்டது. ஏன் என்பதை ஃபோனில் சொல்ல எனக்கு வராது. உன் குரலைக் கேட்டால் நான் சொல்ல வந்தது வேறாகிவிடும். அதனால்தான் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த விஷயங்களும் இதில் வரும். பொறுத்துக்கொள். உன் மகளும் ஒருநாள் இதைப் படிப்பாள் என்று நினைத்து அவளுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

உன் வாப்பா கல்முனை பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வெளிக்கிடும், எங்கே எத்தனை நிமிடம் நிற்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். சண்டைக் காலத்தில் அந்த மனப்பாடத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. நேர அட்டவணை எழுதி மை காயமுன்னம் ஊரடங்கு வரும், இல்லாவிட்டால் செக்பொயின்டில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்குவார்கள். ஆனாலும் அவர் எழுதுவதை விடவில்லை. நான் மருதமுனையில் அரசாங்க மருத்துவிச்சி, ஊருக்கு 'மிஸ்ஸி'. முப்பத்திரண்டு வருடம் சைக்கிளில் போய்ப் பிள்ளைப்பேறு பார்த்தவள். எங்கள் இரண்டு பேருடைய வேலையும் மற்றவர்கள் வருவதும் போவதும்தான். நாங்கள் இரண்டு பேரும் எங்கேயும் போனதில்லை. "எல்லாம் முடியட்டும் புள்ள, உன்ன நான் கப்பல்ல கூட்டிட்டுப் போறன்" என்பார். பஸ் என்று சொல்லமாட்டார், அது அவருக்கு வேலை. "எனக்கு வள்ளத்தப் பாத்தாலே தல சுத்துது, நீங்க தனியப் போங்க" என்று நான் சொல்வேன். இப்படிச் சொல்லிச் சிரித்தே காலம் போனது.

கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு மெயின் ரோட்டுக்கு மேற்கே ஒரு வீட்டில் பிள்ளைப்பேறு. தலைப்பிள்ளை, இழுத்துக்கொண்டே போனது. அதனால்தான் நான் இன்று உயிரோடு இருக்கிறேன். வாப்பா வழக்கம்போல் கரைவலை இழுக்கும் இடத்துக்கு மீன் வாங்கப் போயிருந்தார். பிள்ளையைக் கழுவித் தாயின் கையில் கொடுக்கும்போதுதான் வெளியே சனம் கத்திக்கொண்டு ஓடும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு நடந்ததை நான் உனக்கு ஒருநாளும் ஒழுங்காகச் சொன்னதில்லை. நீ கொழும்பில் படித்துக்கொண்டிருந்தாய். எங்கள் ஊர் லைன்கள் எல்லாம் செத்துப்போயின. இரண்டு நாள் நீ எங்களுக்கு ஃபோன் எடுத்தபடியே இருந்தாயாம். பிறகு அம்பாறை வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து யாரோ ஒருவருடைய டிராக்டரிலும், மிச்சத்தை நடந்தும், எங்கள் சனம் தஞ்சம் புகுந்திருந்த சம்மாந்துறைப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தாய். நான் அங்கே இன்னொரு பிள்ளைப்பேறு பார்த்துக்கொண்டிருந்தேன். "வாப்பா எங்க?" என்றாய். "மீன் வாங்கப் போன" என்றேன். அன்றைக்கு மட்டுமா? அடுத்த பல மாதங்கள் யார் கேட்டாலும் என் வாயில் அதுதான் வந்தது.

அவருடைய உடல், ஜனாஸா, கிடைக்கவில்லை. கிடைக்காததால், புருஷனை இழந்தவள் தனித்திருக்கும் இத்தாவை எந்த நாளில் இருந்து எண்ணுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. பள்ளிவாசலில் கேட்டபோது, அவரைக் கரையில் கடைசியாகக் கண்ட ஆட்களின் சொல்லை வைத்து, அந்த நாளிலிருந்தே எண்ணச் சொன்னார்கள். நான்கு மாதமும் பத்து நாளும் அகதி முகாமில் ஒரு சீலைத் தடுப்புக்குப் பின்னால் இருந்தேன். நீ கரைக்குப் போய்த் தேடவேண்டும் என்று நின்றாய். நான் விடவில்லை. "கடல்ட முகத்தில முழிக்காத" என்று சத்தியம் வாங்கினேன். அது நான் உனக்குச் செய்த முதல் பிழை. தேடிப் பார்த்து இல்லை என்று வருவது வேறு, தேடாமலே இருப்பது வேறு. நீ தேடாமலே இருக்கும்படி செய்தேன். பிறகு, கடலைக் காணாத ஊராகப் பார்த்து உன்னை வேலைக்கு அனுப்ப நினைத்து, கடைசியில் துபாய்க்கு அனுப்பிவைத்தேன். அங்கேயும் கடல் இருக்கிறதென்று நீ போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

நான் வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டுக்கு வந்தேன். ரோட்டைக் கடந்து கிழக்கே கடல் பக்கம் போவதில்லை என்று இருந்துவிட்டேன். ஆறு வருடம். மீனும் வாங்கவில்லை. சண்டை முடிந்து, செக்பொயின்ட்கள் ஒவ்வொன்றாகக் கழன்றபோது ஊர்ச்சனம் வேன் பிடித்து யாழ்ப்பாணம் பார்க்கப் போனது, கண்டிக்குப் போனது. எனக்கும் பென்சன் வந்தது. நான் வேனில் போகவில்லை. பஸ்ஸில் தனியாகப் போகத் தொடங்கினேன். முதலில் மட்டக்களப்பு, பிறகு பொலன்னறுவை, பிறகு திருகோணமலை. உன் வாப்பா வாயால் சொல்லும் தரிப்பிடங்களையெல்லாம் கண்ணால் பார்த்துக்கொண்டு போவது எனக்குப் பிடித்திருந்தது. திருகோணமலையில் பஸ் இறங்கி நடந்தபோது ஒரு திருப்பத்தில் நினையாமல் துறைமுகம் முன்னால் வந்துவிட்டது. திரும்பி ஓட நேரமில்லை. ஒரு பெரிய கப்பல் அசையாமல் நின்றது. அதன் மேல்தட்டில் ஒரு ஆள் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தான். நான் அங்கேயே ஒரு கல்லில் இருந்துவிட்டேன். கரையில் நிற்கிறவளை நோக்கித்தான் கடல் வரும். அந்த ஆளை அது ஒன்றும் செய்யவில்லை. அவன் அதன் மேலே நின்று சட்டை உதறுகிறான். அவனைப் போல ஒருதரம் அதன் மேலே போய் நிற்கவேண்டும், உன் வாப்பா போன இடம் எப்படி இருக்கிறதென்று பார்க்கவேண்டும் என்ற எண்ணம் எனக்கு அந்தக் கல்லில்தான் வந்தது.

அதற்கு முந்திய வருடம் நீ என்னை மக்காவுக்கு உம்ரா செய்ய அனுப்பியிருந்தாய், அல்ஹம்துலில்லாஹ். ஆகவே கையில் இருந்த சேமிப்பை இதற்கு எடுக்கலாம் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டேன். பத்திரிகையில் விளம்பரம் பார்த்தேன். சிங்கப்பூரில் ஏறி, மலேசியாப் பக்கம் போய், நாலு நாளில் திரும்பும் கப்பல். நபருக்கு இவ்வளவு என்று போட்டிருந்தது. அந்தப் பத்திரிகையை மடித்துக்கொண்டு கல்முனையில் ஒரு டிராவல்ஸுக்குப் போனேன். அங்கே இருந்தவர் நான் பேறு பார்த்த பிள்ளைதான், மூன்றாம் குறிச்சியில் பிறந்தவர். "உம்ராவா மிஸ்ஸி?" என்று எழும்பி நின்றார். கப்பல் என்றதும் திரும்ப இருந்தார். கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, நான் நினைத்த தொகையைப் போல் இரண்டு மடங்கு சொன்னார்.

"விளம்பரத்தில இதுல பாதிதானே கிடக்கு?"

"அது ரெண்டு பேர் ஒரு ரூமில போனா, ஒருத்தருக்கு மிஸ்ஸி. ஒத்தையாப் போறதெண்டா ரெண்டு பேர்ட காசும் நீங்கதான் கட்டோணும்."

"நான் ஒராள்ர சாப்பாடுதானே சாப்பிடப்போறன்?"

"ரூமில கட்டில் ரெண்டெல்லோ."

"மற்றக் கட்டில்ல ஆரு படுக்கிற?"

"ஒருத்தரும் படுக்கிறல்ல."

"ஒருத்தரும் படுக்காத கட்டிலுக்கு நான் காசு கட்டுறதா, தம்பி?"

அவர் தலையைச் சொறிந்தார். அவர் பிழை இல்லை. உலகத்தில் எல்லாக் கப்பலும் அறையை இரண்டு ஆளுக்குத்தான் கணக்குப் பண்ணுகிறதாம். "மாமா இருந்திருந்தா..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். நான் பத்திரிகையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் ஏறாமல் மருதமுனை வரை நடந்தே வந்தேன். காசு கூட என்பதற்காக நடக்கவில்லை, மகன். என்னோடு வரவேண்டியவர் வராததற்கு என்னிடமே அபராதம் கேட்கிறார்களே என்று இருந்தது எனக்கு. போன வெள்ளிக்கிழமை நீ 'ரெண்டு பேர்ட காசு' என்றபோது அந்த நடைதான் திரும்ப நினைவுக்கு வந்தது.

ஆனால் நான் விடவில்லை. தெருமுனைக் கொமினிகேஷன் கடையில் மணிக்கணக்குக்குக் காசு கட்டி, கம்ப்யூட்டருக்கு முன்னால் போய் இருந்தேன். ஒற்றை விரலால் தட்டித் தட்டி, தாதிப் பயிற்சியில் படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு வாசித்தேன். முதல் மாதம் ஒன்றும் விளங்கவில்லை. இரண்டாம் மாதம் ஒன்று விளங்கியது: ஒரே கப்பல், ஒரே அறை, இன்றைக்கு ஒரு விலை, அடுத்த கிழமை வேறு விலை. பள்ளிக்கூட விடுமுறைக்கும் சீனப் புதுவருடத்துக்கும் விலை கூரையில் நிற்கும். கிழமை நாளில் வெளிக்கிட்டுக் கிழமை நாளில் திரும்பும் பயணம் இறங்கியிருக்கும். ஜன்னல் உள்ள அறைக்கும் இல்லாத அறைக்கும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். அறைக்குள் இருந்து கடலைப் பார்க்கவேண்டுமென்று யார் அழுதது? மேல்தட்டுக்குப் போனால் எல்லாருக்கும் ஒரே கடல். விளம்பரத்தில் போடாத துறைமுக வரியும், கப்பலில் வேலை செய்கிறவர்களுக்கென்று நாளுக்கு இவ்வளவு என வெட்டும் கட்டணமும் உண்டு. அவற்றையும், அங்கே போகும் ஃப்ளைட் காசையும், விசாச் செலவையும் கூட்டிப் பார்த்துத்தான் மலிவா இல்லையா என்று சொல்லவேண்டும். நீயும் ஒரு நாள் எங்காவது தனியாகப் போகக்கூடும், அதனால் எழுதுகிறேன்.

பிறகு ஒரு நாள் வாப்பா சொல்வது நினைவுக்கு வந்தது. கடைசி நேரத்தில் ஓடிவரும் ஆட்களைக் கண்டால் டிரைவர் எரிச்சலோடு பஸ்ஸை இழுக்கப் பார்ப்பாராம். இவர் கையை நீட்டி மறிப்பாராம். "வெறும் சீட்டோட வெளிக்கிடுற பஸ்ஸும் அவ்வளவு டீசல்தான் குடிக்கும், ஏத்துங்க" என்பாராம். கப்பலும் அப்படித்தானே? பயணம் நெருங்கியும் அறை போகாமல் கிடந்தால் அவர்கள் விலையை இறக்குவார்கள், சிலவேளை இரண்டாவது கட்டிலின் காசையும் விட்டுவிடுவார்கள். நான் கவனித்துப் பார்த்தேன். உண்மையாகவே அப்படித்தான் நடந்தது. உன் வாப்பா ஒரு கப்பலையும் காணாமலே சொன்ன கணக்கு அது.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு மடைத்தனம் செய்தேன். விலை எப்படியும் இறங்கும் என்று நம்பி முதலில் ஃப்ளைட் டிக்கெட்டை வாங்கிவிட்டேன், திருப்பிக் கொடுக்க ஏலாத டிக்கெட். அந்தப் பயணத்தில் அறைகள் எல்லாம் போய்விட்டன. விலை இறங்கவே இல்லை. ஃப்ளைட் காசு அப்படியே தண்ணீரில் போனது. அந்த மாதம்தான் உன்னிடம் 'பல்லுக்குக் காட்டவேணும்' என்று காசு கேட்டேன். என் பல்லுக்கு ஒன்றும் இல்லை, மகன். முதலில் அறை, அதற்குப் பிறகுதான் ஃப்ளைட் என்று கற்றுக்கொள்ள உன் காசையும் கொஞ்சம் தின்றேன்.

கடைசியில் வழி காட்டியது கொழும்பில் ஒரு டிராவல்ஸில் வேலை செய்யும் பெண். ஃபோனில்தான் பழக்கம். "ஆன்டி, மாத்தறையில இருந்து ஒரு லேடி கேக்கிறாங்க. அவங்களும் தனிய. ரெண்டு பேரும் ஒரு கேபின்ல போனா அவங்கவங்க காசு மட்டும்தான். ஆனா முன்பின் தெரியாதவங்க, யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள். நான் இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் உடுப்பைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் நாட்டில் கதைகள் கிளம்பத் தொடங்கியிருந்த காலம் அது. பர்தா போட்ட ஒருத்தியோடு ஒரே அறையில் நாலு நாள் இருக்க மாத்தறைச் சிங்களப் பெண் ஒருத்தி சம்மதிப்பாளா? "அவங்களுக்கு நான் ஆரெண்டு சொன்னீங்களா?" என்று கேட்டேன். "சொன்னேன் ஆன்டி. குறட்டை விடுவாங்களா எண்டுதான் கேட்டாங்க" என்றாள். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை? நீ விடமாட்டாய் என்று தெரியும். மருமகளுக்கு ஏழு மாதம் முடிந்திருந்தது. பிறகு போகலாமே என்பாய். பெண் தனியாகப் பயணம் போகலாமா என்று மௌலவியிடம் கேள் என்பாய். கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை. அதை என்னைப் படைத்த ரப்பிடம் ஒப்படைத்துவிட்டேன். உன்னிடம் தெஹிவளையில் சாச்சி வீட்டில் பத்து நாள் நிற்கப்போகிறேன் என்றேன். சாச்சியையும் பொய் சொல்லப் பழக்கினேன். என் தங்கச்சி வாழ்நாளில் அதற்கு முன்னம் பொய் சொன்னவள் இல்லை. அதனால்தான் அவ்வளவு மோசமாகச் சொன்னாள்.

மாத்தறைக்காரியின் பெயர் சோமா. தையல்காரி. கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஒரு பை நிறையத் தொதல் இனிப்பு வைத்துக்கொண்டு நின்றாள். புருஷன் இருக்கிறார். ஆனால் சொந்தக் கட்டிலைத் தவிர வேறு கட்டிலில் அவருக்குத் தூக்கம் வராதாம். முப்பது வருடம் கேட்டுப் பார்த்துவிட்டுத் தனியாக வெளிக்கிட்டுவிட்டாள். எனக்குத் தெரிந்த சிங்களமும் அவளுக்குத் தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லுமாகக் கதைத்தோம். எங்கள் அறை கப்பலின் வயிற்றுக்குள், ஜன்னல் இல்லாதது, இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஒரு முழங்கை இடம். நான் தொழ விரிக்கும் முசல்லாவை எடுத்துவிட்டு எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றேன். கப்பல் திரும்பத் திரும்ப, மக்கா இருக்கும் கிப்லாத் திசையும் மாறுமே. நான் ஏன் நிற்கிறேன் என்று கேட்டாள். மேற்கைத் தேடுகிறேன் என்றேன். கதவைத் திறந்துகொண்டு போனாள். ஏழெட்டு நிமிடம் கழித்து மூச்சு வாங்க வந்து, "சூரியன் இந்தப் பக்கம்" என்று குளியலறைச் சுவரைக் காட்டினாள். நாலு நாளும் பின்னேரத் தொழுகையான அஸருக்கு அப்படியே செய்தாள். மூட்டு வலிக்காரி, லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் படியில் ஏறிப்போய் எனக்காகச் சூரியனைப் பார்த்துவிட்டு வருவாள். விடியுமுன் தொழும் சுபஹுக்குச் சூரியன் இல்லை என்பதால் டீவியில் ஓடும் கப்பலின் வரைபடத்தைப் பார்த்து விரலால் காட்டுவாள். குறட்டை விட்டதும் அவள்தான்.

மூன்றாம் நாள் அஸர் முடிந்து நான் பின்தட்டுக்குப் போனேன். கப்பல் விட்டுப்போகும் தடம் வெள்ளையாக நீண்டுகொண்டே இருந்தது. சுற்றிவரக் கரை இல்லை. நான் பயப்படுவேன் என்று நினைத்திருந்தேன், பயம் வரவில்லை. இவ்வளவு பெரிய இடத்தில் அவர் இருக்கிறார், நெருக்கடி ஒன்றும் இல்லை என்றுதான் பட்டது. இறந்தவர்களுக்கு ஓதும் யாசீனை ஓதினேன். ஓதி முடித்த பிறகும் எழும்ப மனம் வரவில்லை, அவருக்கு ஊர்க்கதை சொல்லத் தொடங்கினேன். ரோட்டில் இப்போது ஒரு செக்பொயின்டும் இல்லை, கொழும்பு பஸ் சொன்ன நேரத்துக்கு வெளிக்கிடுகிறது, அட்டவணையைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள், மகனுக்குப் பிள்ளை வரப்போகிறது, இன்னும் ஆறு கிழமை இருக்கிறது என்றெல்லாம் சொன்னேன். சோமா தூரத்தில் ஒரு கதிரையில் இருந்து என் கைப்பையையும் செருப்பையும் காற்று அடித்துப் போகாமல் பார்த்துக்கொண்டாள். கிட்ட வரவில்லை. அவர் போனதிலிருந்து அன்றைக்குத்தான் நான் அவரோடு கதைத்தேன், மகன். அதற்கு முன்னமெல்லாம் அவரைப் பற்றித்தான் கதைத்திருக்கிறேன்.

நான் ஆறு கிழமை இருக்கிறது என்று சொன்ன நேரம் உன் மகள் பிறந்து ஒரு நாள் ஆகியிருந்தது.

அதை நான் சிங்கப்பூரில் இறங்கி ஃபோனைத் திறந்த பிறகுதான் அறிந்தேன். ஃபோன் கையில் துடித்துக்கொண்டே இருந்தது. அத்தனை தரம் எடுத்திருந்தாய். குறைமாதத்தில் நோவு கண்டிருக்கிறது. மருமகள் ஆஸ்பத்திரியில். என்ன செய்வது என்று மருத்துவிச்சியான உம்மாவிடம் கேட்க நீ எடுத்திருக்கிறாய். சாச்சி முதலில் நான் குளிக்கிறேன் என்றாளாம், பிறகு தூங்குகிறேன் என்றாளாம், பிறகு மறுபடி குளிக்கிறேன் என்றாளாம். அடுத்த நாள் அழுதுகொண்டே உண்மையைச் சொல்லிவிட்டாள். ஆனால் எந்தக் கப்பல், எந்த நாள் திரும்பும் என்று அவளுக்கும் தெரியாது. நான் சொல்லவில்லை. துறைமுகத்து வரிசையில் நின்றபடியே உனக்கு எடுத்தேன். முதல் மணி அடித்து முடியுமுன்னம் தூக்கினாய்.

"உம்மா? கதைக்கிறது நீங்கதானா?"

"நான்தான் மகன்."

 நீ சொன்னாய். "ரெண்டு நாள் உம்மா. அப்பயும் ரெண்டு நாள்தான் ஃபோன் எடுத்துக்கிட்டே இருந்தன். இப்பயும் கடல்தான் எண்டு சாச்சி சொல்றா." அதற்கு மேல் உன்னால் கதைக்க ஏலவில்லை. பெரிய ஆண்பிள்ளை, ஆஸ்பத்திரி நடையில் நின்று அழுகிறாய், பின்னால் யாரோ அரபியில் ஏதோ கேட்கிறார்கள். நான் இங்கே பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். சோமா என் முகத்தைப் பார்த்துவிட்டு என் பெட்டியையும் சேர்த்து இழுத்தாள். பிள்ளையும் தாயும் சுகம் என்று நீ சொன்னது அதற்குப் பிறகுதான். எத்தனை ஊர்ப் பிள்ளைகளை முதல் ஆளாகத் தூக்கிய நான், சொந்தப் பேத்தி பிறந்ததை எல்லாருக்கும் கடைசியாகக் கேட்டேன்.

நீ என்னை ஏசவில்லை. அன்றைக்கும் இல்லை, இந்த இரண்டு வருடத்தில் ஒருநாளும் இல்லை. ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் போனதே பிழை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயந்தேன். இப்போதுதான் இரண்டையும் பிரித்துப் பார்க்கிறேன். போனது பிழை இல்லை. அந்தப் பின்தட்டை நான் யாருக்காகவும் விட்டுக்கொடுக்கமாட்டேன். சொல்லாமல் போனது பிழை. அந்த ஞாயிற்றுக்குப் பிறகு நீ பட்ட இரண்டு நாளை உன் உம்மாவே உனக்குத் திரும்பத் தந்தேன். கடல் செய்ததை நான் செய்யலாமா? அதற்கு என்னை மன்னித்துக்கொள், மகன். பல்லுக்கென்று வாங்கிய காசையும் மனதார விட்டு எனக்கு ஹலாலாக்கிவிடு.

உனக்குப் புத்தி சொல்ல இந்த வயதில் எனக்கு இருக்கும் ஒரே விஷயமும் இதுதான். தனியாகப் போகவேண்டிய பயணம் எல்லாருக்கும் ஒன்று வரும். உனக்கும் வரும், மருமகளுக்கும் வரும். அவள் ஒருநாள் தனியாக எங்காவது போகவேண்டும் என்றால் ஏன் என்று கேட்காதே. எப்போது திரும்புவாய் என்று மட்டும் கேள். போகிறவர் அதைச் சொல்லிவிட்டுப் போகவேண்டும். அவ்வளவும் செய்தால் போதும், மிச்சத்தை மனம் தாங்கிக்கொள்ளும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் மறுபடி கப்பல் எடுத்திருக்கிறேன். சோமாவால் இந்த முறை வர ஏலாது. புருஷனுக்கு ஒரு பக்கம் இழுத்துவிட்டது, அவரைக் கட்டிலில் இருந்து தூக்கி இருத்த அவள் வேண்டும். ஆகவே தனியாகத்தான் போகிறேன். உன் காசும் வேண்டாம், துணைக்கு ஆளும் வேண்டாம். எட்டு மாதமாகத் தேடினேன். சிங்கப்பூர்ப் பக்கம் பருவம் முடிந்ததும் சில கப்பல்கள் வேறு கடலுக்கு இடம் மாறுகின்றன. அந்தப் பயணங்கள் நீளம், துறைமுகங்கள் குறைவு, நாள்கணக்கில் கடல் மட்டும்தான். பிள்ளைகுட்டிக்காரர் ஏறமாட்டார்கள். அறைகள் சும்மா கிடக்கும். எனக்குக் கிடைத்த கப்பலில் இரண்டாவது கட்டிலுக்குக் காசு கேட்கவில்லை. ஒரு ஆளுக்கு ஒரு ஆளின் கட்டணம், அவ்வளவுதான். கப்பல்காரர் அனுப்பிய உறுதிக் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கல்முனை டிராவல்ஸுக்குப் போய் அந்தப் பிள்ளையிடம் காட்டினேன். "இதென்னெண்டு எடுத்தீங்க மிஸ்ஸி?" என்று வாசித்து வாசித்துப் பார்த்தார். அவருடைய இரண்டு வாடிக்கையாளருக்கு எப்படித் தேடுவது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அந்தக் கப்பல் எங்கே இடம் மாறுகிறது என்று நீ இன்னும் கேட்கவில்லை. அது துபாய்க்கு வருகிறது. விசா எடுப்பது உன் வேலை, என் பாஸ்போர்ட் கொப்பியை இதோடு வைத்திருக்கிறேன். கப்பலின் பெயர், ஏறும் நாள், இறங்கும் நாள், இறங்கும் துறைமுகம், என் அறை எத்தனையாம் தட்டில் எத்தனையாம் நம்பர், டிராவல்ஸ் பெண்ணின் ஃபோன் எல்லாம் தனித்தாளில் எழுதி மடித்திருக்கிறேன். அதே தாளின் கொப்பி ஒன்று சாச்சியிடமும் இருக்கிறது, இனி அவள் ஒருவருக்கும் பொய் சொல்லத் தேவையில்லை. இறங்கும் நாளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்கு வா. வெயில் என்றால் தொப்பி போட்டுவிடு.

கப்பல் நம் நாட்டின் தெற்கைத் தாண்டிய பிறகு ஐந்து நாள் கரையே இல்லை. ஃபோன் வேலை செய்யாது. நீ எடுத்தால் நான் தூக்கமாட்டேன், அதற்காகப் பதறாதே. அந்தத் தாளை எடுத்துப் பார். அந்த ஐந்து நாளும் நான் கடலில் இருப்பேன், மகன். காணாமல் போயிருக்கமாட்டேன்.

உன்
உம்மா